இரவு எட்டு மணிக்குப் பிறகு



நான் 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் அவசரப் பிரிவில், நாங்கள் கேஷுவால்டி என்று சொல்லிப் பழகிய இடத்தில். எனக்குத் தெரிந்தது அந்த வாசல்தான். எந்த நேரத்தில் யார் வருவார்கள், எவ்வளவு தாமதித்து வருவார்கள், ஏன் தாமதித்தார்கள் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன். முதலில் நம் ஊரின் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ வருகிறது. தினமும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிற பிள்ளைகள் பலருக்கு அது ஒரு மருத்துவமனையின் பெயர் என்பது தெரியாது. இங்கிலாந்தில் காசநோய் வைத்தியம் பார்த்துவந்தவர் மருத்துவர் சௌரி முத்து. கணித மேதை ராமானுஜன் அங்கே நோய்ப்பட்டபோது சில காலம் அவருடைய மெண்டிப் ஹில்ஸ் நிலையத்தில் தங்கியிருக்கிறார். அந்த சௌரி முத்து ஊர் திரும்பி 1928இல் இங்கே, நல்ல காற்றுள்ள இடம் என்று பார்த்து, காசநோயாளிகளுக்காகத் தொடங்கியதுதான் இந்த சானடோரியம். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் பயந்த காலத்தில் இந்த வளாகம் அவர்களுக்குப் படுக்கை கொடுத்தது. வேறு இடங்களில் ‘இங்கே பார்க்க மாட்டோம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஆந்திராவிலிருந்துகூட இங்கே வந்து சேர்ந்தார்கள். நம் ஊரின் பெயரோடு ஒட்டியிருக்கும் பெருமை அது. வந்தவரைத் திருப்பி அனுப்பாத ஊர்.

அன்று காசநோய்க்கு மாதக்கணக்கில் படுக்கை வேண்டியிருந்தது. இன்று நம் வீடுகளில் ஆளைக் கொண்டுபோகிற மாரடைப்பும் பக்கவாதமும் சாலை விபத்தும் அப்படிக் காத்திருப்பதில்லை. இவற்றுக்கு இலவச வைத்தியம் இல்லாத ஊர் அல்ல இது. ஒரு நாற்பது ஆண்டுக்கு முன்பு இருந்ததை நினைத்துப் பார்த்தால் இன்று இருப்பது எவ்வளவோ. ஆனாலும் அது இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், அங்கே காசு கேட்க மாட்டார்கள் என்ற நிச்சயம், இந்த மூன்றும் ராத்திரியில் தவித்து நிற்கிற குடும்பத்துக்குத் தெரிவதில்லை. அதனால் போகிற உயிர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

2023 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. நம் தாம்பரம் மாநகராட்சியிலும் இருக்கின்றன. மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர் எல்லாரும் உண்டு. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்பது வேலை நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்தையும் சேர்த்தது நல்ல யோசனை, மனமாரப் பாராட்டுகிறேன். எட்டு மணிக்குக் கதவு மூடும். குழந்தைக்குக் காய்ச்சல் 103 ஏறுவதும் அம்மாவுக்கு மூச்சு இரைப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பூட்டிய கேட்டின் முன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தகப்பன் என்ன பார்ப்பார்? மையத்தின் பெயர், தலைவர்களின் படங்கள், திறந்த தேதி. ‘இப்போது எங்கே போக வேண்டும்’ என்ற ஒரு வரியை நான் பார்த்த கேட் எதிலும் காணவில்லை. நான் முதலில் கேட்பது அந்த ஒரு வரிதான். இரவில் போக வேண்டிய அரசு மருத்துவமனையின் பெயர், தூரம், ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இருட்டிலும் தெரிகிற எழுத்தில் நான்கே நான்கு விவரம்.

சரி, அவர் எங்கே போவார்? தாம்பரத்தின் நிலைமையே விசித்திரம். வடக்கே சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரிய ஜி.எச். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏறக்குறைய அதே தூரம். இரண்டுக்கும் நட்டநடுவில் நாம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆபத்தான நோயாளி என்றால் ‘ஜி.எச்.சுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த ஜி.எச். என்ற சொல்லுக்குள் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசல் அத்தனையும் அடங்கியிருந்தது. பிறகு குரோம்பேட்டை அரசு மருத்துவமனை வளர்ந்தது. 2023இல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை வந்தது. 2025இல் சானடோரியத்திலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் புதிய கட்டடம் திறந்தார்கள். முடிச்சூரிலிருந்தும் சேலையூரிலிருந்தும் ஆட்டோவில் போகிற தூரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்பது நான் பணியில் இருந்தபோது கனவு.

ஆனால் பழக்கம் கட்டடத்தைவிட மெதுவாக நகர்கிறது. போன ஆண்டுகூட என் தெருவில் ஒரு வீட்டில் நடு ராத்திரி நெஞ்சுவலி. அவருக்கு 52 வயது, தண்ணீர் கேன் போடுகிற தொழில். நெஞ்சு நடுவில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். வியர்வை பனியனை நனைத்திருக்கிறது. ‘வாயுதான், ராத்திரி பரோட்டா சாப்பிட்டீங்கல்ல’ என்று மனைவி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு ஜெலுசில். பிறகு ஒரு கோலி சோடா. முக்கால் மணி நேரம் இப்படியே போன பிறகு மகன் என் கதவைத் தட்டினான். நான் போய்ப் பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து, இடது கையைத் தன் வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரும் விதத்தை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். 108க்குச் சொன்னேன். அவர் பிழைத்துவிட்டார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன், ஏம்மா உடனே போகவில்லை என்று. ‘இந்நேரத்துக்கு எங்க போறது சிஸ்டர்? பிரைவேட்டுல நுழைஞ்சா அம்பதாயிரம் கட்டச் சொல்லுவான். விடிஞ்சா பெரியாஸ்பத்திரி போலாம்னு இருந்தோம்’ என்றார். வாயு என்று நினைத்தது பாதிதான் உண்மை. வாயுவாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டது மீதிப் பாதி. பணத்துக்குப் பயந்த வேண்டுதல் அது.

மாரடைப்புக்கு நம் மாநிலத்தில் செய்திருக்கிற ஏற்பாடு இந்தியாவுக்கே முன்மாதிரி. பெரிய மருத்துவமனை ஒன்று நடுவில், அதைச் சுற்றிச் சிறிய மருத்துவமனைகள். சிறிய இடத்தில் ஈசிஜி எடுத்து, அடைப்பைக் கரைக்கும் மருந்தை அங்கேயே ஏற்றிவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்புவது. கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் இதை 108 வண்டிகளோடு இணைத்து நடத்திப் பார்த்து, முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 100க்கு 17க்கு மேல் இருந்தது, 14 அளவுக்கு இறங்கியது. அந்த மூன்று பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரைகளை முதலிலேயே கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். அவற்றை நாமாகவே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு விழுங்கக் கூடாது. பரிசோதித்துவிட்டுத் தரவேண்டிய மருந்து அது. நேரத்தைக் கடத்தாமல் இருப்பது மட்டும்தான் நமது வேலை.

108 வண்டி தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15. அதற்கு முன்பு நோயாளிகள் வந்து இறங்கிய விதத்தை மறக்க முடியாது. மீன்பாடி வண்டியில் கதவுப் பலகை போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்று வண்டியிலேயே ஆக்சிஜன் உண்டு, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் உண்டு. வண்டி கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தகவல் போகிறது. இதில் நம் புறநகருக்கென்று ஒரு சிக்கல். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரத்தில் ஒரு காந்தி தெரு, பம்மலில் ஒன்று, சிட்லபாக்கத்தில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று. பதற்றத்தில் ‘காந்தி தெரு, ரெண்டாவது குறுக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் ஓட்டுநர் எங்கே வருவார்? ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள். பிறகு கோயிலோ ரேஷன் கடையோ தண்ணீர் டேங்கோ, ஒரு அடையாளம். போன் பேசியவர் அந்த போனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், வண்டியிலிருந்து திரும்ப அழைப்பார்கள். இன்னொருவர் தெரு முனைக்குப் போய் டார்ச் அடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெருப் பெயர்களைச் சீர்செய்வது மாநகராட்சியின் வேலை. அதை வரிவசூல் கணக்குக்காகச் செய்வதற்கு முன்னால் ஆம்புலன்ஸுக்காகச் செய்ய வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இனி பணம். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று அக்கம்பக்கத்தார் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். கவுன்டரில் முன்பணம் கட்டிய ரசீது வரும்வரை ஸ்ட்ரெச்சர் நகரவில்லை. என் தம்பி ஏடிஎம் ஏடிஎம்மாக ஓடியிருக்கிறான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் தலைக்கு ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அம்மா அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார், வலது கை விளங்காமல். செவிலியின் அம்மாவுக்கே இப்படி என்று நினைத்து நான் பல ராத்திரி தூங்கவில்லை. எனக்குச் சட்டம் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

என்ன சட்டம்? ஒரு ஸ்கூட்டர்காரர் கார் மோதி விழுந்தார். அருகிலிருந்த மருத்துவமனை ‘இது போலீஸ் கேஸ், இங்கே எடுக்க மாட்டோம்’ என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இடத்துக்கு அனுப்பியது. வழியிலேயே உயிர் போனது. இந்தச் செய்தியைப் படித்த பர்மானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989இல் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. போலீஸ் நடைமுறை எல்லாம் அதற்குப் பிறகு. 1996இல் இன்னொரு தீர்ப்பு. கல்கத்தா பக்கம் ரயிலிலிருந்து தவறி விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக ‘படுக்கை இல்லை’ என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் தனியாரில் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அரசு அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசர சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையையே மறுப்பது, நிதி இல்லை என்பது பதில் ஆகாது என்றும் சொன்னது. எங்கே படுக்கை காலி என்று ஒரே இடத்தில் தெரியும்படி தகவல் ஏற்பாடு வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நம் ரயில் பாதையில் தவறி விழுந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்தவள் என்பதால் இந்தத் தீர்ப்பு எனக்கு மிக நெருக்கமானது.

சாலை விபத்துக்கு நம் மாநிலம் ஒரு படி மேலே போயிருக்கிறது. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரம் இலவசம். 1 லட்சமாக இருந்த உச்சவரம்பைப் பிறகு 2 லட்சம் ஆக்கினார்கள்.

இதன் அருமை எனக்குத் தெரியும். திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, ஒரு இரவுப் பணியில், படப்பை பக்கம் லாரி மோதிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருபது வயது இருக்கும். பேச்சு மூச்சில்லை. கூட வந்தவர் யாரும் இல்லை. விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் ‘பெயர் தெரியாத ஆண்’ என்று எழுதினோம். ஜீன்ஸைக் கத்தரியால் வெட்டி எடுக்கும்போது பாக்கெட்டிலிருந்த போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், எனக்குப் புரியாத மொழி. கேன்டீனில் டம்ளர் கழுவுகிற ஒடியாப் பையனை எழுப்பிக் கூட்டிவந்தோம். அவன் போனை வாங்கி இரண்டு வார்த்தை கேட்டான், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ‘அவங்க அம்மா. சாப்ட்டியான்னு கேக்குறாங்க’ என்றான். ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் வேலை செய்யும் இந்தப் பிள்ளைகளுக்கு ‘உனக்கும் இங்கே இலவசம்’ என்று யார் சொல்வது? அவர்கள் தங்கியிருக்கும் அறைகளில், அவர்கள் மொழியில், ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். அவசரப் பிரிவில் இரவு நேரத்தில் இந்தி, ஒடியா, வங்காளி தெரிந்த ஒருவரைப் போனிலாவது பிடிக்க வழி இருக்க வேண்டும்.

திட்டத்திலும் ஒரு குறை கண்ணில் படுகிறது. 48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன என்பதை யாரும் குடும்பத்திடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம், இல்லையென்றால் நிலையாக்கி அரசு மருத்துவமனைக்கு மாற்றலாம். இதை நாற்பதாவது மணியில் சொன்னால் குடும்பம் பதறாது. 48ஆவது மணியில் பில்லோடு சேர்த்துச் சொன்னால் தாலியை அடகு வைக்கப் போய்விடுவார்கள். இதற்கு ஒரு ஆள் பொறுப்பாக வேண்டும்.

அடிபட்டவரைத் தூக்கிவருகிறவர்களுக்கும் ஒரு சொல். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. சேர்த்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆட்டோ ஸ்டாண்டுகளில் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளிகளில் பலர் 108க்குக் காத்திராமல் ஆட்டோவில்தான் வருகிறார்கள். தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர் ஸ்டாண்டுகளில் ஓட்டுநர்களுக்கு அரை நாள் பயிற்சி, கழுத்தை அசைக்காமல் தூக்குவது, ரத்தத்தை அழுத்திப் பிடிப்பது, எந்த வாசலில் இறக்குவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளைக்குச் செலவு செய்ய ஒரு வேலை வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலம் நெருங்குவதால் பாம்புக்கடியையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிப் படகில் ஆளை மீட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஏரிகளை ஒட்டிய மனைகளில் தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார்கள், பிறகு கண் இமையைத் திறக்க முடியாது. அப்படி ஒரு பெண்ணுக்கு அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி வருவது எங்கிருந்து தெரியுமா? நம் மாவட்டத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. இந்தியா முழுவதற்கும் போகிற மருந்தின் மூலப்பொருள் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது, நம் பெண்ணொருத்தி அந்த மருந்து கிடைக்காமல் சாகக் கூடாது.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கொண்டுபோனால் அவருக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், சிபாரிசு அல்ல. இதைச் சொல்லிப் புரியவைக்க அந்த நேரத்தில் செவிலிக்கு வாய் இருக்காது. இரவில் இரண்டு பேர் பார்க்கிற வேலையை நாலு பேர் பார்க்கும்படி ஆள் போட்டால் வாயும் இருக்கும், கோபமும் குறையும். ஆள் போடாமல் கட்டடம் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதை என் முழங்கால்கள் சொல்லும்.

மாநகராட்சிக்கு ஐந்து மண்டலங்கள் இருக்கின்றன. மண்டலத்துக்கு ஒரு நலவாழ்வு மையமாவது இரவு முழுக்கத் திறந்திருக்கட்டும். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஒரு ஈசிஜி இயந்திரம், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், பெரிய மருத்துவமனையோடு பேச ஒரு போன். குழந்தையின் காய்ச்சலுக்கு அங்கேயே மருந்து கொடுத்து அனுப்பலாம். நெஞ்சுவலிக்காரரை ஈசிஜி பார்த்து வண்டியில் ஏற்றலாம். எடுத்த எடுப்பில் எல்லாரும் தலைமை மருத்துவமனையில் போய்க் குவிவதும் குறையும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் ஒரு தாள் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே மேசையில் இருக்கிறது. மேலே 108, 104 இரண்டு எண்கள் மட்டும் அச்சடித்திருக்கிறது. மற்றதெல்லாம் கோடு போட்ட காலியிடம்: உங்கள் ஊர், தெரு, அடையாளம், பகலில் போகும் மையம், இரவில் போகும் அரசு மருத்துவமனை, இன்னுயிர் காப்போம் திட்டத்தில் உள்ள பக்கத்து மருத்துவமனை, நடு ராத்திரி எழுப்பக்கூடிய ஆட்டோக்காரர். இவற்றை நீங்களே விசாரித்து உங்கள் கையால் எழுத வேண்டும். விசாரிக்கப் போகும்போதுதான் வழி மனதில் பதியும். என் தெருவில் இதைப் பால் பூத்திலும் இஸ்திரி கடையிலும் ஒட்டியிருந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர் தன் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டார். இஸ்திரி கடையில் ஒட்டியது போன வாரத்து மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது. இன்று திரும்பிப் போகும்போது அங்கே வேறு ஒன்று ஒட்ட வேண்டும்.